சீசாவின் கறையும் ஆன்மாவின் மலமும்

பெரம்பலூருக்குக் கிழக்கே அரியலூர் வரை பரந்து கிடக்கும் பூமி, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலாக இருந்தது. அக்கடல்வாழ் ஜீவராசிகளின் ஓடுகள் படிந்திறுகிய சுண்ணாம்புப் பாறையே இன்று சிமெண்டு ஆலைகளுக்கு இரையாகிறது. அப்பாறையினூடே ஊறிவரும் கிணற்று நீரில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிச் சீசாக்களில், நீர் உலர உலர வெண்மையான உப்புக்கறை ஏடேடாகப் படிந்து விடுகிறது. வீட்டில் காய்ச்சிய சர்பத்தை அடைத்து வைக்க அவற்றை மறுபடி எடுக்கிறவர்கள், கை நுழையாத அக்கழுத்துக்குள் சோப்பும் பிரஷ்ஷும் பயன்படாமை கண்டு சலிப்பர். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஊற்றி ஓர் இரவு ஊற விட்டாலோ, கரியமிலவாயு நுரைத்தெழ, கறை தானே நெகிழ்ந்து கரைகிறது. கறை இன்னதென்று ரஸாயன சாஸ்திரம் முழுவதும் கற்றுணர்ந்தாலும், அவ்வறிவினால் மட்டும் சீசா சுத்தமாவதில்லை.

சைவ சாஸ்திரங்களின் நெடுநாளைய விவாதம் ஒன்று இவ்விடத்தில்தான் இருக்கிறது. ஆன்மாவை மறைத்து நிற்பது வெறும் அஞ்ஞானமாயின், கயிற்றைக் கயிறென்று கண்டதும் பாம்பு மறைவது போல, ஞானம் உதித்த கணமே பந்தம் அகல வேண்டும் என்பர் அத்வைதிகள். 12-ஆம் நூற்றாண்டினரான அகோரசிவாசாரியார் முதலிய ஆகம ஆசாரியர்களோ, ஆன்மாவை மறைக்கும் மலம் ஒரு திரவியம் என்றனர். கண்ணில் படலம் வளர்ந்திருக்கிறது என்று அறிந்த மாத்திரத்தில் பார்வை திரும்பிவிடுமா? வைத்தியனுடைய கை அதை நீக்க வேண்டும். அங்ஙனமே தீட்சை என்னும் சடங்கினால் சிவனே மலத்தை நீக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. தன் குற்றத்தைத் தெளிவாக அறிந்தும் அதை விடமாட்டாமல் தவிப்பவனுடைய துயரத்துக்கு மதிப்பளிக்கும் தத்துவம் இதுவே.

கண்ணாடி உவமை ஓரளவே செல்லும். சீசா தூய்மையாகப் பிறந்து பின்னர் கறைபட்டது. ஆணவம் என்னும் அம்மலமோ அநாதியே ஆன்மாவோடு உடனாக நிற்பது. அதனாற்றான் நம் முன்னோர் செம்பையும் அதில் ஊறும் களிம்பையும் உவமையாகத் தேர்ந்தனர்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எடுப்பித்த ஆலயத்தின் வடக்கு வாயிற்படி அருகே, உமையோடு வீற்றிருக்கும் பெருமான், கைகூப்பிப் பணிந்த அடியாராகிய சண்டேசருடைய சிரசில் கொன்றை மாலையைத் தம் கரங்களாலேயே சுற்றுகிறார். அருள் என்பது உபதேசமாக மட்டும் நில்லாமல் தொட்டுச் செய்யும் செயலாகவும் இறங்குகிறது என்பதை, நூல்கள் பல விரித்தும் விளங்காதார்க்கு, அச்சிற்பம் விளக்கிவிடும்.

அங்ஙனமாயின் ஆன்மாவுக்கு வேலையே இல்லையா எனில், உண்டு. கறை ஊறுவதற்குள் கம்பியால் சுரண்டினால் கண்ணாடியே கீறுண்டு போகும். ஆன்மா இயற்றும் தொண்டாகிய சரியையும், பூசையாகிய கிரியையும், யோகமும் மலத்தைக் கரைப்பன அல்ல. அது கரைதற்குரிய பரிபாகத்தை விளைவிப்பன. முத்தியிலும் ஆணவம் அடியோடு அழிவதில்லை, அதன் சக்தியே மடங்குகிறது என்பது சித்தாந்தம். ஆதலின், மலம் கழுவப் பெறுவதைக் கூறும், சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம் அவ்வளவில் நில்லாமல், கழுவப் பெற்றவனை அடியார் கூட்டத்துக்கும், அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுவதற்கும் அனுப்பி வைக்கிறது.