சந்தையைப் பார்த்து முடிவு செய்வோம்

என்ன சமைப்பது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் பெரும்பாலும் காய் வாங்கப் போகிறோம். காயைப் பார்த்த பிறகு தீர்மானிக்கலாம் என்பது என் கட்சி.

1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. அங்கே ஒரு சுற்று சுற்றினாலே போதும். எது குவிந்து கிடந்து விலை இறங்கியிருக்கிறதோ, அதுதான் அந்தப் பருவத்துக் காய். தையில் மொச்சை, அவரை, பனங்கிழங்கு. பங்குனியில் வெள்ளரிப்பிஞ்சும் மாங்காயும்.

வெயில் ஏறும் அந்த நாட்களில்தான் ஸ்ரீராமநவமி வருகிறது. பானகம், நீர்மோர், கோசுமல்லி. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர் என்பதை நினைத்தால், அந்தப் படையலை வகுத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

கோசுமல்லிக்கு அடுப்பு வேலை தாளிப்போடு சரி. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரை ஒட்ட வடித்துவிட வேண்டும். நகத்தால் கிள்ளினால் பருப்பு பட்டென்று உடையணும். நசுங்கினால் ஊறல் அதிகம். பொடியாக அரிந்த வெள்ளரி, மாங்காய்த் துருவல், தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், கொத்தமல்லித்தழை. மேலே கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டலாம். உப்பை மட்டும் இலையில் பரிமாறப் போகும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் காயிலிருக்கும் நீரையெல்லாம் உப்பு வெளியே இழுத்துவிடும். மொறுமொறுப்பு போய்ப் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கும்.

இந்த ஒன்று கைவந்துவிட்டால் பிறகு வருஷம் முழுக்க விளையாடலாம். வெள்ளரி கிடைக்காத நாளில் கேரட்டும் மாதுளை முத்தும். மாங்காய் ஓய்ந்த பிறகு எலுமிச்சை, இல்லாவிட்டால் நெல்லிக்காய்த் துருவல். வாழைத்தண்டு கிடைத்தால் வில்லையாக அரியும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு மோரில் போடுங்கள், கறுக்காது. பிழிந்து தயிரில் கலந்தால் அருமையான பச்சடி. யாழ்ப்பாணத்து வீடுகளில் வல்லாரையைப் பச்சையாகவே மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துச் சம்பலாகப் பிசைவார்கள். கசப்பு என்று கீரையை ஒதுக்கும் பிள்ளைகளும் அதைச் சோற்றோடு சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பச்சையாக உண்பதால், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது.

நாளைக் காலையில் பட்டியல் இல்லாமல் பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இதுவரை வாங்காத ஒரு காயைப் பார்த்தால், "இதை உங்க வீட்ல எப்படிம்மா செய்வீங்க?" என்று விற்கிற அம்மாவையே கேளுங்கள். அவர் சொல்கிறபடி கால் கிலோ வாங்கி அன்றைக்கே செய்துபாருங்கள்.