பிழைத்தலும் தகுதியும்

பிழைத்து நிற்பவர் தகுதியுடையவர், வீழ்ந்துபட்டவர் தகுதியற்றவர் என்னும் எண்ணம் நம் நெஞ்சில் ஆழ வேரூன்றியது. இதற்கு இயற்கையையே சான்றுக்கு அழைப்பாரும் உளர். இயற்கை அவ்வாறு சாட்சி சொல்லுகிறதா என்பதை, நரம்புகளின் வளர்ச்சியைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கருவில் தேவைக்கு மேலாகவே தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய இழையொன்றை நீட்டித் தனக்குரிய தசையைத் தேடிச் செல்கிறது. கோழிக் கருவில் இவற்றுள் ஏறத்தாழப் பாதி, குஞ்சு பொரிக்குமுன்னரே மடிந்து போகின்றன. மடிந்தவை குறையுடையனவா?

விக்டர் ஹாம்பர்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கோழிக் கருவின் சிறகு அரும்பை நீக்கிப் பார்த்தார். அதற்குரிய நரம்பணுக்கள் குன்றியிருந்தன. தூண்டுதல் கிட்டாமையால் அவை உருவாகவே இல்லை என்று 1934இல் கருதினார். இத்தாலியின் டூரின் நகரில் வாழ்ந்த ரீத்தா லெவி-மொண்டால்சினி அம்மையார், யூதர் என்பதால் 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்தினின்று விலக்கப்பட்டவர். தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, அச்சோதனையை அவர் மீண்டும் செய்தார். கண்டது வேறு: அணுக்கள் உருவாயின, இழை நீட்டின, பெறவேண்டியதைப் பெறாமல் பின்னரே மடிந்தன. முன்னதில் இழப்பு என்று சொல்ல ஏதுமில்லை. பின்னதிலோ ஓர் உயிரணு முயன்று தோற்றிருக்கிறது.

பெறவேண்டியது யாது? 1947இல் அம்மையார் அமெரிக்கா சென்று ஹாம்பர்கரோடு இணைந்தார். பின்னர் ஸ்டான்லி கோஹன் என்பாரும் சேர, பாம்பின் நஞ்சிலும் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அப்பொருள் மிகுதியாக அகப்பட்டது. அது ஒரு புரதம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர் பெற்றது. அம்மையாரும் கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர், ஹாம்பர்கர் விடப்பட்டார். நரம்பிழை சென்று சேரும் உறுப்பே இப்புரதத்தைச் சிறிதளவு சுரக்கிறது. இழையின் நுனி அதை ஏற்று, தொலைவிலுள்ள அணுவுக்கு அனுப்புகிறது. உணர்ச்சி நரம்புகள் பலவற்றுக்கு இதுவே உயிர். இயக்க நரம்புகளுக்கு இதையொத்த பிற புரதங்கள் உண்டு.

1976இல் வெளிவந்த சோதனையொன்றே நம் வினாவுக்கு நேர்விடை. கோழிக் கருவில் கூடுதலாக ஒரு காலரும்பை ஒட்டிவைத்தனர். இயக்க நரம்பணுக்கள் வழக்கத்தினும் மிகுதியாகப் பிழைத்தன. அணுக்கள் மாறவில்லை, ஏற்குமிடம் பெருகிற்று. மடிய இருந்தவையும் வாழத் தக்கவையே அன்றோ!

அரபியில் நரம்பை ‘அஸப்’ என்பர். கட்டுதல் எனும் பொருள் கொண்ட அதே வேரினின்று, இப்னு கல்தூன் விரித்துரைத்த ‘அஸபிய்யா’ என்னும் குழுப்பிணைப்பும் பிறந்தது. சொல்லுறவு சுவையானதே. ஆயினும் அதைப் பற்றிக்கொண்டு சமூகமும் ஓர் உடலே என வாதிடல் ஆகாது. தசைக்கு ஏற்ற அளவில் நரம்பு அமைவது உடலுக்கு நன்மை. மடிந்த அணுவுக்காக அழ எவருமில்லை. மனிதனுக்கோ தாயும் தந்தையும் உளர்.

பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஸர்ஃபு ஓதிய மாணவன் ஒருவன் வினைச்சொல் வாய்பாட்டில் நாள்தோறும் தடுமாறினான். அவன் தந்தையாரை அழைத்து, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்றோம். அவர் மறுமொழி கூறாது அவனை அழைத்துச் சென்றார். விடியுமுன்னரே தேநீர்க்கடையில் வேலை செய்துவிட்டு வெறும் வயிற்றோடு அவன் பாடத்தில் அமர்ந்திருந்தான் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற நாம் சென்றபோது, அதைக் கேட்க அத்தந்தையார் இல்லை.