வரமா? பழக்கமா?

மேற்கே பாய்வது பெரியாற்றின் பிறவிக் குணம். அரபிக் கடல் நோக்கிச் சென்ற அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முனைந்தார் பொறியாளர் பென்னிகுவிக். 1887-இல் தொடங்கிய அணைப்பணி 1895-இல் முடிந்தது. இடையிலே, எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் வாரிச் சென்றது. மலைக்காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைக் குடித்தது. இருந்தும் கல்மேல் கல் ஏறிற்று; மலையைக் குடைந்து வழி பிறந்தது; கம்பம் பள்ளத்தாக்கு பசுமை பூண்டது.

ஓர் ஆற்றின் பிறவிக் குணத்தையே மாற்றிக் காட்டிய மண் இது. ஆனால், மனிதனைப் பற்றி மட்டும் நம்மவர் பேச்சு மாறியபாடில்லை. உயர்ந்தவனைக் கண்டால், "அவன் வாங்கி வந்த வரம்!" என்பர். தம்மை நோக்கினால், "நமக்கு எழுதியது இவ்வளவுதான்!" என்பர். முன்னது புகழ்ச்சி, பின்னது பெருமூச்சு. இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் அல்லவா?

அதே மலையடிவாரத்தில், பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943-இல் பிறந்தவர் இளையராஜா. அவருடைய இசையைக் கேட்டு, "பிறவி ஞானம்!" என்று வியக்காதார் இல்லை. வியக்கட்டும்! ஆனால் அந்த ஞானம் நடந்து வந்த வழியையும் சற்றே பார்க்கட்டும்.

அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு, சிறு வயதிலேயே ஊர் ஊராகச் சென்றார். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசைக்குறிப்பைப் படிக்கவும் எழுதவும் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தேறினார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் உழைத்தார். ஒலிப்பதிவின் இடைவேளைகளிலே, தாம் எழுதிய குறிப்புகளை உடன் இருந்த கலைஞர்களை வேண்டி வாசிக்கச் செய்து, காதால் கேட்டுப் பழகினார். இத்தனைக்கும் பிறகே 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச் 8-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில், இலண்டன் மேடையில் தம் சிம்பொனியை ஒலிக்கச் செய்தார்.

அவர் இறைநம்பிக்கை உடையவர். அது அவர் உரிமை. அருள் என்றே கொள்வோம். அந்த அருளும், தாள் தாளாக எழுதிப் பழகிய கையைத் தேடித்தானே வந்தது!

இதனை வலியுறுத்துவது எதற்காக? 'வரம்' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், ஏறி வந்தவர் பயன்படுத்திய ஏணியை எடுத்து ஒளித்து வைக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்கும் சிறுவன், "எனக்குத்தான் வரம் இல்லையே" என்று புத்தகத்தை மூடிவிடுகிறான். "நமக்கெல்லாம் படிப்பு வராது" என்று பெண்ணொருத்தி பள்ளியை விட்டு வயலுக்குத் திரும்புகிறாள். புகழ்ச்சி என்று எண்ணி நாம் வீசிய சொல், எங்கோ ஒரு வீட்டின் விளக்கை அணைத்துவிடுகிறது.

"பழகினோர் எல்லாரும் இலண்டன் மேடை ஏறுவரோ?" என்று கேட்கலாம். ஏற மாட்டார்கள். மேடைக்கு வாய்ப்பும் காலமும் துணை நிற்க வேண்டும். கற்பிக்க ஓர் ஆசான், கைகொடுக்க ஓர் அண்ணன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை. ஆனால், நாம் ஆக விரும்பிய மனிதன் அந்த மேடையிலே மட்டுமா இருக்கிறான்? முதற் குறிப்பைத் தட்டுத் தடுமாறி எழுதிய அன்றே இசையறிஞன் பிறந்துவிட்டான். கோபம் வந்தபோது ஒருமுறை நாவை அடக்கியவனிடம் பொறுமையாளன் தலைகாட்டிவிட்டான். அறுபது வயதில் தன் பெயரைத் தானே எழுதும் மூதாட்டி, அந்தக் கணமே எழுத்தறிந்தவள்.

"நாளை முதல் புது மனிதன்!" என்று சூளுரைப்பது எளிது, சூளுரைக்கு உழைப்பு தேவையில்லை. இன்று ஒரு பக்கம் படிப்பது சிறிது. ஆனால் அது செயல். நாளையும் ஒரு பக்கம், மறுநாளும் ஒரு பக்கம் என்று தொடர்ந்தால், தலையெழுத்து என்று பிறர் சொன்னது நம் கையெழுத்தாக மாறும்.