எண்ணும் பரிமாணமும்

ஒரு லிட்டர் நீரை ஆயிரம் மில்லிலிட்டர் என்று எழுதுவதும், ஆயிரம் லிட்டரை ஒரு கிலோலிட்டர் என்று சுருக்குவதும் பள்ளிப் பிள்ளைகள் புள்ளியை மூன்று ஸ்தானம் தள்ளிச் செய்துவிடும் சுலபமான கணக்கு. ஆயினும், பாத்திரத்து நீர் ஒரு துளியும் கூடாமலும் குறையாமலும் இருக்க, அதைக் குறித்து நாம் சொல்லும் எண் மட்டும் ஆயிரம் மடங்கு பெருகுகிறதென்றால், அந்த எண் நீரில் இருக்கிறதா, நம் புத்தியில் இருக்கிறதா என்பது தத்துவ விசாரத்துக்கு உரிய வினாவே.

வைசேஷிகர் இதற்குத் தந்த விடை நுட்பமானது. சங்கியை, பரிமாணம் ஆகிய இரண்டையும் குணங்களின் வரிசையிலே வைத்த அவர்கள், இரண்டுக்கும் இடையே ஒரு பேதமும் கண்டனர். பரிமாணம் திரவியத்தைப் பற்றி நிற்பது. அளத்தல் என்னும் வியவகாரத்துக்கு அதுவே சிறப்புக் காரணம் என்று தர்க்க சங்கிரகம் லட்சணம் கூறும். எண்களிலோ, ஒன்று என்பது பொருளிலேயே உள்ளது; இரண்டு முதலியவை, பல ஒன்றுகளைச் சேர்த்துப் பற்றும் அபேட்சா புத்தியினால் பிறந்து, அது நீங்கியவுடன் தாமும் நீங்குவன. ஆகவே லிட்டரை மில்லிலிட்டராக்கும்போது நீரின் பரிமாணத்தை நாம் தீண்டுவதில்லை. எந்தக் கூறை ‘ஒன்று’ எனக் கொள்வது என்னும் சங்கற்பத்தையே மாற்றுகிறோம்.

அது மனிதர் சங்கற்பமே என்பதற்கு லிட்டரின் சரித்திரம் சாட்சி. பத்தில் ஒரு மீட்டரைப் பக்கமாகக் கொண்ட கனசதுரத்தின் கொள்ளளவே லிட்டர் என்று 1795-இல் புரட்சிக்கால பிரான்சு வகுத்தது. அவ்வளவு நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆகவேண்டும் என்பதும் அறிஞர்களின் கருத்து. ஆனால் அதற்கெனச் செய்த பிளாட்டினப் படிக்கல் கருதியதைவிட அணுவளவு கனத்துப்போயிற்று. 1901-இல் கூடிய சர்வதேச எடை அளவை மாநாடு, ஒரு கிலோகிராம் தூய நீர் தன் அடர்த்தியின் உச்சத்தில் அடைக்கும் இடமே லிட்டர் என்று விதித்தபோது, லிட்டர் பத்து லட்சத்தில் 28 பங்கு பெருத்தது. 1964-இல் அவ்விதியை நீக்கி, பழைய கனசதுரத்தையே மீண்டும் லிட்டராக்கினர். கிலோலிட்டருக்கு 28 மில்லிலிட்டர் வித்தியாசம். அதற்காக உலகில் எந்தக் குளமும் வற்றவில்லை, பெருகவுமில்லை.

அப்படியாயின் அளவெல்லாம் வெறும் நாமமே என்று அத்வைதி எழுந்து சொல்லலாம். மண்ணை அறிந்தால் மண்ணாலான யாவும் அறியப்படும், விகாரங்கள் சொல்லளவே என்று உத்தாலகர் சுவேதகேதுவுக்குச் சாந்தோக்கியத்தில் உபதேசித்ததை அவர் சான்று காட்டுவார். பரமார்த்தத்தில் அது சரியே. ஆனால் வியவகாரத்தில் நாமமும் நம் இஷ்டத்துக்கு வளைவதில்லை. கண்ணாடி அளவுக் குழாயில் நீர் ஓரத்தில் சற்றே ஏறி நடுவில் குழிந்து நிற்கும். கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்தி, குழிவின் அடி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதையே அளவாகக் கொள்ள வேண்டும். மேலிருந்து நோக்குபவனுக்கு வேறோர் எண் தோன்றும். 5 மில்லிலிட்டர் மருந்தை 5 சென்டிலிட்டர் என்று பிறழ எழுதினால் நோயாளி குடிப்பது பத்து மடங்கு. அங்கே வேதாந்தம் துணைக்கு வராது. அலகைத் தேர்வது நம் சுதந்திரம். தேர்ந்தபின் எண் நீருக்கு அடங்கியது.

இந்த விவேகம் ஆத்ம சோதனைக்கும் வேண்டும். தான் செய்த தானத்தைத் துளிக்கணக்கில் எண்ணிப் பெரிய எண்ணாகச் சொல்லி, பிறர் செய்த உபகாரத்தைக் குடக்கணக்கில் எண்ணிச் சிறிதாக்குவது அகங்காரத்தின் பழைய தந்திரம். அதில் எண் பொய்யன்று, ஆனால் அலகு மாறியிருக்கிறது. நம்முடையதையும் பிறருடையதையும் ஒரே அலகினால் அளப்பதே தர்மம்.