ஏறியவனும் ஏறாதவனும்

ஏழையின் மகனும் முயன்றால் உயரலாம் என்னும் நிலை ஒரு நாட்டில் இருக்குமானால், அங்கே ஒருவருக்கு ஆயிரமும் மற்றொருவருக்கு இலட்சமும் வருவாய் கிட்டுவதில் அநீதி ஏது என்று வினவுவோர் உளர். வாயில் திறந்திருக்கிறது, நுழையாதவன் குறை அவனுடையதே என்பது அவர்தம் வாதம். அறிவுடையோரும் இவ்வாறு கருதுவதால் இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இவ்வாதத்தை உரைத்துப் பார்க்க எகிப்து நாட்டு மம்லூக்குகளின் வரலாறு நல்ல உரைகல். 1250 முதல் 1517 வரை ஆண்டவர்கள் அவர்கள். ‘மம்லூக்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ‘உடைமையாக்கப்பட்டவன்’ என்பது பொருள். தொலைநாட்டுப் புல்வெளிகளில் பிறந்த சிறுவர்கள் விலைக்கு வாங்கப்பட்டு, கெய்ரோவில் மார்க்கக் கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று, விடுதலை செய்யப்பட்டுப் படைத்தலைவர்களாயினர். சிலர் அரியணையும் ஏறினர். 1260-இல் சுல்தானான பைபர்ஸ் அவ்வாறு விற்கப்பட்டவரே. 1279-இல் சுல்தானான கலாவூனுக்கு ‘அல்-அல்ஃபீ’ என்று பட்டப்பெயர். ஆயிரம் தீனாருக்கு வாங்கப்பட்டதால் வந்தது. ஊரும் உறவும் இழந்து வந்த சிறுவன் சுல்தானாகலாம்! இதனினும் உயர்ந்த ஏற்றம் எங்குண்டு? அமீர்களின் மைந்தர்களோ பெரும்பாலும் உயர்பதவிகளுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். (கலாவூனின் வழியினர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆண்டது இதற்கு விலக்கு.)

ஆனால், நைல் நதிக்கரையில் உழுதவன்? அவன் நிலத்தின் வருவாய் ‘இக்தா’ முறையில் அமீருக்குச் சென்றது. அமீர் சந்தையில் வாங்கப்பட்டவரா, அரச குலத்தவரா என்பது அவனுடைய களத்து நெல்மணியில் ஒன்றையும் கூட்டவில்லை. அவன் விளைத்தது கோதுமை என்பதால் கோதுமைமணி என்றே சொல்வோம். அந்த ஏணி உழவனுக்கு வைக்கப்பட்டதன்றே என்பீர்கள். உண்மைதான். வைக்கப்பட்டிருந்தால் மட்டும் என்ன? உழவருள் நூறு பேர் அமீர்களாகியிருப்பர். எஞ்சியோர் அந்நூறு பேருக்கு உழுதிருப்பர்.

1403-இல் நைலில் நீர் குறைந்து கொடும் பஞ்சம் வந்தது. கெய்ரோவில் முன்னர் முஹ்தஸிப், அதாவது அங்காடிக் கண்காணிப்பாளர், பதவி வகித்த வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ, இத்துயரின் காரணங்களை ஆராய்ந்து தனி நூலே இயற்றினார். நதியின்மீது மட்டும் அவர் பழி சுமத்தவில்லை. பதவிகள் இலஞ்சத்துக்குக் கிடைத்ததையும், நிலக்குத்தகை உயர்ந்ததையும், செப்புக்காசு பெருகியதையும் எடுத்துக்காட்டினார். பதவியை விலை கொடுத்துப் பெற்றவன் அவ்விலையைக் குடிகளிடமே மீட்டான். அவன் ஏறிய செலவு, ஏறாதவன் தலையில் விழுந்தது.

உயர்வுக்கு வழி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. திறமையுள்ள சிறுவனைத் தந்தையின் வறுமை தடுப்பது கொடுமையே. ஆயினும், தெருவைத் தூய்மை செய்பவரின் கூலி போதுமா என்று கேட்டால், “அவர் மகன் மருத்துவராகலாம்” என்பது விடையாகாது. மகன் மருத்துவரானாலும் தெருவைக் கூட்ட வேறொருவர் வருவார். கேள்வி அவரோடும் வரும்.

ஏற்றத்தாழ்வு மிகுந்த இடத்தில் அந்த மகன் உயர்வதும் அரிதாகிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வருவாயில் அடிநிலைக் குடும்பமொன்று சராசரி வருவாயை எட்ட டென்மார்க்கில் 2 தலைமுறைகள் ஆகும், பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் 9, கொலம்பியாவில் 11. படிகளுக்கிடையே தொலைவு கூடக்கூட, மேலிருப்போர் தம் மக்கள் சறுக்கிவிடாதிருக்க நல்ல பள்ளியையும் நல்ல மருத்துவத்தையும் செல்வாக்குடையோர் அறிமுகத்தையும் என்ன விலை கொடுத்தும் வாங்குகின்றனர். அவ்விலை கீழ்ப்படியில் நிற்பவனிடம் இல்லை.