பகைவனோடு பேசுதல் அறமா?

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் படைக்கு இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். தூதுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். படை உடையவனுக்குத் தூது வேண்டா என்றோ, தூது உடையவனுக்குப் படை வேண்டா என்றோ அவர் கருதவில்லை என்பது இவ்வைப்பு முறையாலேயே விளங்கும். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது மரபு. படைக்கலத்தைக் காட்டி அச்சுறுத்துபவனிடமும் சொல்லை எடுத்துச் செல்ல ஒருவர் வேண்டும் என்பதை அந்நாளிலேயே நம்மவர் உணர்ந்திருந்தனர்.

ஆயின், அப்படைக்கலம் வேலாகவும் வாளாகவும் இல்லாமல், ஒரு நகரையே நொடியில் சாம்பலாக்கும் அணுகுண்டாக இருந்தால் என் செய்வது? அதனை வைத்திருப்பவன் தன் குடிகளையே வதைக்கும் கொடுங்கோலனாகவும் இருந்தால் அவனோடு ஒரே மேசையில் அமர்வது அறமாகுமா? அமர மறுப்பதுதான் அறமா? இவ்வினாவுக்கு நாம் கற்பனையில் விடை தேட வேண்டியதில்லை. வட கொரியா என்னும் நாட்டின் அண்மைக் கால வரலாறே நம் முன் விரிந்து கிடக்கிறது.

பேசியதும் பேசாததும்

1950 சூன் 25-ஆம் நாள் தொடங்கிய கொரியப் போர், 1953 சூலை 27-இல் போர் நிறுத்த உடன்படிக்கையோடு ஓய்ந்தது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை எழுதப்படவில்லை. சட்டப்படி நோக்கினால் அப்போர் முடியவே இல்லை எனலாம். முடியாத போரின் நிழலில் வளர்ந்த அரசு அச்சத்தையே அரணாகக் கொண்டதில் வியப்பில்லை.

1985-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த வட கொரியா, 1993-இல் அதிலிருந்து விலகப் போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு யோங்பியான் அணு உலையிலிருந்து எரிபொருள் தண்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க இயலும். அமெரிக்க அரசு அவ்விடத்தைத் தாக்கி அழிப்பது குறித்து ஆராய்ந்தது. எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பீரங்கிகளின் வீச்சுக்குள், தென் கொரியத் தலைநகர் சியோல் இருந்தது. அந்நிலையில்தான் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1994 சூனில் பியோங்யாங் சென்று கிம் இல் சுங்கைச் சந்தித்தார். தாக்குதல் தவிர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜெனீவாவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. யோங்பியான் உலை மூடப்படும். ஈடாக இரண்டு மென்னீர் அணு உலைகளும், அவை எழும்வரை ஆண்டுக்கு 5,00,000 டன் எண்ணெயும் தரப்படும் என்பது அதன் சாரம்.

இவ்வுடன்பாடு எட்டாண்டுகள் நின்றது. அந்த எட்டாண்டுகளும் யோங்பியானில் புதிய புளூட்டோனியம் உண்டாகவில்லை. அதே வேளையில், வட கொரியா யுரேனியத்தைச் செறிவூட்டும் வேறொரு வழியை மறைவாகத் தேடியதும் உண்மை. வாக்களித்த மென்னீர் உலைகளின் கட்டுமானம் மெல்ல ஊர்ந்ததும் உண்மை. 2002 அக்டோபரில் செறிவூட்டல் பற்றிய குற்றச்சாட்டு எழுந்தது, எண்ணெய் நிறுத்தப்பட்டது, ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 2003 சனவரியில் வட கொரியா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2006 அக்டோபர் 9-இல் முதல் அணுகுண்டை வெடித்துக் காட்டியது. 2017 செப்டம்பருக்குள் ஆறு வெடிப்புகள் நிகழ்ந்துவிட்டன.

இடையே நம்பிக்கை தந்த நாள்கள் இல்லாமல் இல்லை. 2005 செப்டம்பரில் ஆறு நாடுகளின் பேச்சில், அணு ஆயுதங்களைக் கைவிட இசைவதாகக் கூட்டறிக்கை வெளியாயிற்று. ஏறத்தாழ அதே நாள்களில் மக்காவ் வங்கி ஒன்றின் மீது அமெரிக்கக் கருவூலம் எடுத்த நடவடிக்கையால், அங்கிருந்த ஏறத்தாழ 2.5 கோடி டாலர் வட கொரியப் பணம் முடங்கியது. ஒரு கை ஓலை நீட்ட, மறு கை கழுத்தைப் பற்றிய கதையாயிற்று. 2018-இல் சிங்கப்பூரிலும் 2019-இல் ஹனோயிலும் இரு நாட்டுத் தலைவர்களும் நேரில் சந்தித்தனர். கைகுலுக்கிய படங்கள் உலகெங்கும் பரவின. ஹனோயில் உடன்பாடின்றி எழுந்து சென்றனர். 2022-இல் வட கொரியா தன் அணு ஆயுத நிலையைச் சட்டமாகவே இயற்றிக்கொண்டது.

எதிர்ப்போர் கூற்று

பேச்சை மறுப்போர் கூறுவதை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. 2014-இல் ஆஸ்திரேலிய நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையில் ஐக்கிய நாடுகளின் விசாரணைக் குழு தன் அறிக்கையை அளித்தது. அந்நாட்டில் மானுடத்திற்கு எதிரான குற்றங்கள் நிகழ்வதாக அக்குழு கண்டது. அரசியல் கைதிகளின் முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை அடைபட்டிருப்பதாக மதிப்பிட்டது. இத்தகைய அரசின் தலைவரோடு சிரித்துப் பேசினால், முகாமில் கிடப்பவனின் கண்ணீருக்கு நாம் என்ன விடை சொல்வோம்? பொய்யுரைத்தவனோடு மீண்டும் பேசினால் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் ஆகமாட்டோமா? இவை நேர்மையான வினாக்கள்.

ஆயினும் அவற்றின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பேச மறுப்பவன் கை தூய்மையாக இருக்கிறது. அத்தூய்மைக்கு விலை கொடுப்பவர் யார்? 2017-இல் விதிக்கப்பட்ட தடைகள் நிலக்கரி, கடல் உணவு, துணி ஆகியவற்றின் ஏற்றுமதியை நிறுத்தின. உலோகப் பொருள்களும் எந்திரங்களும் நாட்டுக்குள் செல்வதையும் தடுத்தன. மருத்துவக் கருவி ஒன்றை அனுப்பவும் தொண்டு நிறுவனங்கள் விலக்கு வேண்டி விண்ணப்பித்துக் காத்திருக்க நேர்ந்தது. ஆட்சியாளரின் அணுகுண்டோ குறையவில்லை. 1990-களின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோதும் அவ்வரசு வீழவில்லை. பட்டினியால் கொடுங்கோலன் இளைப்பதில்லை. அவன் உண்ட பிறகே ஊருக்குப் பங்கு.

தனிமைப்படுத்தியதன் பயனும் நாம் கண்டதே. முன்வாயில் அடைபட்டவன் பின்வாயிலைத் தேடினான். 2024-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் செய்து தன் படைவீரரையும் அங்கு அனுப்பினான். தடைகளைக் கண்காணித்த ஐக்கிய நாடுகளின் வல்லுநர் குழுவும் அவ்வாண்டே ரஷ்யாவின் மறுப்பு வாக்கால் கலைந்தது.

இரண்டும் வேறல்ல

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். பேச்சும் தோற்றது, மிரட்டலும் தோற்றது என்று சமமாகச் சொல்லிவிடுவது பொருந்தாது. பேச்சு நிகழ்ந்த எட்டாண்டுகளில் ஒரு வெடிப்பும் இல்லை. அது முறிந்தபின் நான்கே ஆண்டுகளில் முதல் குண்டு வெடித்தது. அரைகுறையான உடன்பாடு பாதுகாப்பைத் தந்தது. அது குறையுடையது என்று உதறியபோது அப்பாதுகாப்பும் போயிற்று. மற்றொன்றும் எண்ணத்தக்கது. லிபியா 2003-இல் தன் அணுத் திட்டத்தைக் கைவிட்டது. 2011-இல் வெளிநாட்டு விமானப் படைகளின் துணையோடு எழுந்த கிளர்ச்சியில் அதன் தலைவர் கொல்லப்பட்டார். கைவிட்டவனுக்கு நேர்ந்தது இது என்று பியோங்யாங் அதனைப் பாடமாகக் கொண்டது. மிரட்டலின் பின்னே நம்பத்தக்க வாக்கும் இருந்தாலன்றி, மிரட்டப்பட்டவன் படைக்கலத்தைக் கீழே வையான்.

பேசுதல் வேறு, புகழ்தல் வேறு. பகைவனின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்வதும் பேச்சே. முகாம்களில் கிடப்போரின் பெயரை மேசையில் வைக்க வேண்டுமாயின் முதலில் மேசை ஒன்று வேண்டும். படம் எடுத்துக்கொள்ளும் ஆரவாரமும், எதையும் கேளாமல் எதையும் கொடாமல் எழுந்து போகும் வீறாப்பும் தூதின் பாற்படா.

நம் பங்கு

இதில் இந்தியராகிய நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1953-இல் கொரியாவில் தாயகம் திரும்ப விரும்பாத 22,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளைக் காக்கும் பொறுப்பு, தளபதி திம்மையா தலைமையேற்ற நடுநிலை நாடுகளின் ஆணையத்திடமும் இந்தியக் காவல் படையிடமும் வந்தது. தென் கொரிய அரசு நம் வீரர் தன் மண்ணை மிதிக்கவும் இசையவில்லை. கப்பலிலிருந்து ஹெலிகாப்டர் வழியாகவே அவர்கள் இடைநிலப் பகுதிக்குச் சென்றனர். இரு தரப்பாரின் ஐயத்தையும் ஏசலையும் தாங்கி அக்கடமையை நிறைவேற்றினர். நடுவில் நிற்பவனுக்கு இரு புறமும் கல் விழும் என்பதை அன்றே நாம் கற்றோம்.

2017-இல் வட கொரியாவோடு உணவும் மருந்தும் தவிர்ந்த வணிகத்தை நம் நாடு நிறுத்தியது. ஆனால் பியோங்யாங்கில் உள்ள தூதரகத்தை மூடவில்லை. அவ்வாண்டு அமெரிக்க வெளியுறவுச் செயலர் தில்லி வந்தபோது, பேச்சு வழி திறந்திருக்கச் சில நாடுகளின் தூதரகங்களாவது அங்கு இருக்க வேண்டும் என்று அந்நாளைய அமைச்சர் சுஷ்மா சுவராஜ் எடுத்துரைத்தார். தடையும் உண்டு, தூதும் உண்டு என்னும் இந்நிலையை நாம் முதுகெலும்பின்மை என்று கருதவில்லை.

நாமும் 1974-லும் 1998-லும் அணுவெடிப்பு நிகழ்த்திப் பிறர் தடைக்கு ஆளானவர்களே. நாம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் இல்லை, அதனை மீறியதும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் தகாது. எனினும் 1998-க்குப் பின் நம்மீது விதித்த தடைகள் தளர்ந்தது நெடிய பேச்சின் வழியாகவே என்பதை நாம் மறந்துவிட்டு, பிறரோடு பேசுவது வீண் என்று சொல்லுதல் அழகன்று.

பேசினால் வட கொரியா நாளையே குண்டைக் கைவிடும் என்று நாம் உறுதி கூறவில்லை. அது நடவாமலே போகலாம். குண்டு வெடிக்காத ஒவ்வோர் ஆண்டும் சியோலில் ஒரு குழந்தை பள்ளிக்குச் செல்லும் ஆண்டு. எல்லைக்கு அப்பால் பியோங்யாங்கில் ஒரு குழந்தை செல்லும் ஆண்டும் அதுவே. அந்த இரு குழந்தைகளையும் மனத்தில் கொண்டு எண்ணினால், கதவைச் சாத்துவோன் காக்கும் தூய்மையினும், கதவருகே அமர்ந்து வசை கேட்போன் செய்யும் தொண்டே பெரிது என்று நாம் துணிகிறோம்.