அனுமதி கேட்காத பாட்டு

ஒரு மனிதன் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருந்தால் நமக்கு முதலில் எழும் கேள்வி, "யாருக்காக?" என்பதுதான். குளிக்கும்போது பாடினால் சிரிக்கிறோம். தெருவில் நடந்துகொண்டே பாடினால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம். பாட்டு என்றால் மேடை வேண்டும், பக்கவாத்தியம் வேண்டும், தலையாட்ட நாலு பேராவது வேண்டும் என்று நம் மனத்துக்குள் ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறோம். அந்தச் சட்டம் நியாயமானதுதானா என்று என்னை யோசிக்க வைத்தவர், நான் ஒரு நாளும் சந்தித்திராத ஓர் அமெரிக்கர்.

பெயர் ஆடம் யங். 1986-இல் பிறந்தவர். குளிருக்குப் பேர்போன மின்னசோட்டா மாநிலத்தில், ஒவட்டோனா என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர். பிழைப்புக்குக் கோகோ கோலா கிடங்கில் லாரிகளில் சரக்கு ஏற்றும் வேலை. இரவில் தூக்கம் வராது. தூக்கம் வராதவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? புரண்டு புரண்டு படுப்பார்கள். பழைய அவமானங்களை எண்ணிப் பார்ப்பார்கள். இவர் படுக்கையை விட்டு எழுந்து, பெற்றோர் வீட்டின் நிலவறைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். தாளத்தை இயந்திரத்தில் அமைப்பார், அதன்மேல் ஒரு மெட்டைப் பதிவு செய்வார், அதன்மேல் இன்னொன்று, கடைசியில் தம் குரல். இப்படி ஒலிமேல் ஒலியாக அடுக்கி, ஒரு கோஷ்டி செய்ய வேண்டிய வேலையை ஒரே ஆளாகச் செய்தார். 2007-இல் அதற்கு ஒரு கோஷ்டிக்குரிய பெயரையும் வைத்துவிட்டார்: 'அவுல் சிட்டி', அதாவது ஆந்தை நகரம். ஒரே ஓர் ஆந்தை குடியிருந்த நகரம்!

யாரும் கேட்காத அந்தப் பாட்டுகளை 2007-லும் 2008-லும் தாமே வெளியிட்டார். மைஸ்பேஸ் என்ற இணையதளத்தில் போட்டுவைத்தார். முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள், ஒருவருக்கொருவர் சொன்னார்கள். 2009-இல் ஒரு பெரிய இசைக் கம்பெனி அவரைத் தேடி வந்தது. அந்த ஆண்டு நவம்பரில், மின்மினிப் பூச்சிகளையும் தூக்கமில்லாத இரவையும் பற்றிய 'ஃபயர்ஃப்ளைஸ்' என்ற அவருடைய பாட்டு, அமெரிக்கப் பாட்டுகளின் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது.

இதோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை ஆகிவிடும். வெற்றிக் கதைகள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவை உண்மையை வால் பக்கத்திலிருந்து சொல்கின்றன. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வராமலே போயிருந்தால், நிலவறையில் கழிந்த அந்த இரவுகள் வீணா?

இதற்குப் பதில் சொல்லுமுன் என் சிற்றத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பாடுவாள். முறையாகக் கற்றவள் அல்ல. ரேடியோவில் கேட்ட பாட்டுகளைத்தான் பாடினாள் என்றும் சொல்ல முடியாது. மாலையில் பூத் தொடுக்கும்போது, தானே கட்டிய மெட்டில், தானே கோத்த வார்த்தைகளைப் பாடுவாள். யாராவது உள்ளே வந்தால் சட்டென்று நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அதில் பதிவு செய்வதற்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. "அத்தை, பதிவு பண்ணட்டுமா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "போடா, நான் என்ன பாடகியா? கேட்கிறவர்கள் சிரிக்கவா?" என்றாள். எவ்வளவு அடக்கம் என்று வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பொத்தானை அழுத்தவில்லை. அவள் போன பிறகு, வீட்டில் கிடந்த கேசட்டுகளையெல்லாம் ஒன்று விடாமல் போட்டுப் பார்த்தேன். தம்பியின் மழலை இருந்தது. கல்யாண நாதசுரம் இருந்தது. அவள் குரல் மட்டும் இல்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால், அடக்கம் என்று நாங்கள் பாராட்டியதில் பாதிக்கு மேல் அச்சம்தான். அடக்கம் என்பது, செய்து முடித்த காரியத்தைப் பற்றிப் பெருமை பேசாதிருப்பது. காரியத்தைத் தொடங்கவே விடாமல் கையைப் பிடித்துக்கொள்வது அடக்கம் ஆகாது. "உனக்கு என்ன தகுதி?" என்று யாரும் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்கிறோம், பதில் கிடைக்காமல் உட்கார்ந்துவிடுகிறோம். ஒவட்டோனாவின் இளைஞர் அந்தக் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தனியாக வேலை செய்கிறவனுக்கு "இது சரியில்லை" என்று சொல்ல ஆள் இல்லை. கச்சேரியில் பாடகர் தாளம் தப்பினால் மிருதங்கக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை ஒரு மனசாட்சி. நிலவறையில் அது ஏது? 2003-இல் 'போஸ்டல் சர்வீஸ்' என்ற பெயரில் இரண்டு பேர், வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, பதிவுகளைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பி ஓர் இசைத்தட்டை உருவாக்கியிருந்தார்கள். ஆடம் யங்கின் பாட்டு அவர்களுடையதைப் போலவே ஒலிக்கிறது என்று விமரிசகர்கள் பலர் குறை சொன்னார்கள். பக்கத்தில் ஒரு துணை இருந்திருந்தால் முன்பே சொல்லியிருக்கும். தனி அறையில் இருப்பதாலேயே ஒருவன் பிறர் சாயல் இல்லாதவன் ஆகிவிடுவதில்லை. நாம் கேட்டு மயங்கிய குரல்கள் நமக்கு முன்பே அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். என் ஆரம்ப காலக் கதைகளில் யார் யார் குரல் கேட்கிறது என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை!

அவர் முழுக்க முழுக்கத் தனியாகவும் இருந்துவிடவில்லை. அந்த மின்மினிப் பாட்டிலேயே மாட் தீசன் என்ற பாடகரின் குரலும் கலந்திருக்கிறது. மேடை ஏறியபோது வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே எனக்குத் தோன்றுவது இது: தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்; ஆனால் தொடங்கியது நிறைவு பெற இன்னொருவருடைய செவி வேண்டும். முதலாவதை மறந்தவன் ஊமையாகிறான். இரண்டாவதை மறந்தவன் செவிடாகிறான்.

முன்பு கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த இரவுகள் வீணா? ஆடம் யங் 2016-இல் செய்த காரியம் ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. புகழும் பணமும் பார்த்துவிட்ட பிறகு, மாதத்துக்கு ஒன்றாக, சரித்திரச் சம்பவங்களுக்குப் பின்னணி இசை போன்ற தொகுதிகளை அமைத்தார். மனிதன் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ 11 பயணம் அவற்றில் முதலாவது. படம் எதுவும் எடுக்கப்படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இசையை இலவசமாகவே கொடுத்தார். வெற்றிக்காக மட்டும் நிலவறைக்குப் போனவராக இருந்தால், வெற்றி வந்த பிறகும் இப்படி ஒரு வேலையில் இறங்கியிருக்க மாட்டார். அந்த இரவுகளுக்குரிய கூலி அந்த இரவுகளிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

என் அத்தைக்கும் பூத் தொடுத்த மாலைகளில் அந்தக் கூலி கிடைத்திருக்கும். அதை நான் சந்தேகிக்கவில்லை. கேட்கும் செவியாக இருந்திருக்க வேண்டியவன் நான், எனக்குத்தான் நஷ்டம். உங்கள் வீட்டிலும் யாராவது, ஆள் வந்தால் நிறுத்திவிடுகிற ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் வேண்டாம் என்றால் அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.